வேலூர் வட்டாரத்தில் ஒரு சண்டைக்கலையைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு என்று பழைய வட ஆற்காட்டின் ஊர்களில் கராத்தே வகுப்பு இல்லாத பள்ளியைக் காண்பது இப்போது அரிது. சிலம்ப வகுப்புகளும் பெருகி வருகின்றன. பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும், கல்லூரி மாணவர்களும், காவல்துறைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களும், நடுவயதில் தொடங்க விரும்புகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் சிலம்பம் பயின்றவன். அதன்மேல் எனக்குள்ள பற்றை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பற்றுக்காக எந்தக் குறையையும் மூடிவைக்கவும் இல்லை.

எல்லாவற்றிலும் சிறந்த சண்டைக்கலை எது?

கலையின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது. பயிற்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சொல்லலாம். எதிரில் நிற்பவர் உங்கள் விருப்பத்துக்கு இணங்காமல், தன் முழு முயற்சியோடு உங்களைத் தடுக்கவும் திருப்பித் தாக்கவும் முனையும்போது நீங்கள் கற்ற நுட்பம் செல்லுபடியாகிறதா என்று தொடர்ந்து சோதித்துப் பார்க்கும் இடம் எதுவோ, அங்கேதான் தேர்ச்சி வரும். எதிராளி கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்க, நாம் அந்தக் கையைப் பிடித்து முறுக்குவது தொடக்கநிலைக்குத் தேவையான பயிற்சிதான். அதோடு நின்றுவிட்டால் பத்து ஆண்டு கற்றாலும் உண்மையான எதிர்ப்பின் முன்னால் கை உறைந்துவிடும்.

ஜூடோவின் வரலாறு இதை நன்றாக விளக்குகிறது. ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய்கள் விரித்த சிறிய இடத்தில் தம் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஜுஜுட்சு மரபுகளில் கொடிய நுட்பங்கள் ஏராளமாக இருந்தன. கொடியவை என்பதாலேயே அவற்றை உண்மையான விசையோடு பயில முடியாமல், முன்கூட்டியே வகுத்த அசைவுகளாக மட்டும் பயில வேண்டியிருந்தது. கானோ அத்தகையவற்றை வகுத்த பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, பாதுகாப்பாகத் தூக்கி எறியவும் அழுத்திப் பிடிக்கவும் கூடிய நுட்பங்களைக் கொண்டு கட்டற்ற பயிற்சியை மையத்தில் வைத்தார். நாள்தோறும் எதிர்க்கும் உடலோடு மல்லாடிய மாணவர்கள், ‘கொல்லும் பிடி’களை மனப்பாடமாக மட்டும் அறிந்தவர்களைவிட வலிமையானவர்களாக வளர்ந்தார்கள். ‘எங்கள் கலை மிகவும் ஆபத்தானது, ஆகவே நாங்கள் மோதிப் பார்ப்பதில்லை’ என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலைகளுக்கு இடையில் அடிப்படை வேறுபாடு என்ன?

தூரம். கம்பு எட்டும் தூரம், கால் எட்டும் தூரம், கை எட்டும் தூரம், கட்டிப் பிடிக்கும் நெருக்கம், தரையில் விழுந்தபின் நடக்கும் போராட்டம் என்று ஐந்து எல்லைகளாக அதைப் பிரித்துக்கொள்ளலாம். சிலம்பம் முதல் எல்லைக்குரியது. டேக்வாண்டோ இரண்டாவதில் சிறந்தது. குத்துச்சண்டை மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஆழமாக உழுதிருக்கிறது. தாய்லாந்துக் கலையான முவே தாய் கால், கை இரண்டோடு முழங்கை, முழங்கால், கழுத்துப் பிடி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. மல்யுத்தமும் ஜூடோவும் நெருக்கத்துக்கு உரியவை. பிரேசில் ஜியு-ஜிட்சு தரைக்கு உரியது.

ஓர் எல்லையில் வல்லவர் மற்றொன்றில் கைவிடப்பட்டவராக இருக்கலாம் என்பதை உலகம் கண்கூடாகப் பார்த்தது 1993 நவம்பரில், அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த யூ.எப்.சி. என்னும் கலப்புச் சண்டைத் தொடரின் முதல் போட்டியில்தான். பல பாணிகளைச் சேர்ந்த வீரர்கள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில், உடற்கட்டில் மற்றவர்களைவிட மெலிந்தவரான பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி எதிராளிகளைத் தரைக்குக் கொண்டுபோய் ஒருவர்பின் ஒருவராகப் பணியவைத்து வென்றார். அதற்குப் பின்னர் அடிக்கும் கலை பயில்கிறவர்கள் பிடியையும், பிடிக்கும் கலை பயில்கிறவர்கள் அடியையும் ஓரளவாவது கற்றுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

ஆகவே எந்தத் தூரத்தில் நிற்பது உங்கள் மனத்துக்கும் உடலுக்கும் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒருவர் மூச்சு முகத்தில் படும் நெருக்கத்தைச் சிலரால் தாங்கவே முடியாது. சிலருக்கு முகத்தை நோக்கி வரும் கைமுட்டியைப் பார்த்ததும் கண் மூடிக்கொள்ளும். பயிற்சியால் இவை ஓரளவு மாறும் என்றாலும், தொடக்கத்திலேயே வெறுப்பூட்டும் கலையில் ஐந்து ஆண்டு நிலைப்பது கடினம்.

துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் சிலம்பம் கற்று என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கராத்தேயைப் பற்றி இதையே கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு விடைக்கு வருகிறேன்.

சிலம்பத்தில் கம்பு பிற்பாடுதான் வருகிறது. முதலில் வருவது காலடி. முறையாகக் கற்பிக்கும் வாத்தியார் மாணவரின் கையில் கம்பைக் கொடுப்பதற்கு முன்பே காலடி வைக்கப் பழக்குகிறார். எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றுவது, எதிராளியின் நேர்க்கோட்டை விட்டு விலகுவது, திரும்பும்போது சமநிலை குலையாமல் இருப்பது ஆகியவை உடம்பில் படிந்தபின் கையில் கம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை வேலை செய்யும். கம்பு பொதுவாகப் பயில்பவரின் நெற்றி உயரத்துக்கு மூங்கிலிலோ பிரம்பிலோ அமைகிறது. வீச்சு, வெட்டு, குத்து, தடுப்பு, காலை வாரிவிடும் வாரல் என்று அதன் பாடம் விரிகிறது. அதன்பின் இரட்டைக்கம்பு, வேல்கம்பு, மான்கொம்பு, வளைந்து நெளியும் சுருள்வாள் முதலியவை வருகின்றன. வெறுங்கைப் போருக்குக் குத்துவரிசை இருக்கிறது. துடைப்பக் கட்டையோ குடையோ கையில் இருக்கும்போது அதைக் கொண்டு ஒருவரைத் தள்ளியே நிறுத்திவைக்கத் தெரிவது இன்றைக்கும் பயனுள்ள திறன்தான்.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் சிலம்பம் திருவிழாவோடு ஒட்டி வாழ்ந்திருக்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் வைகாசி மாதம் கம்பு சுற்றுகிறவர்களைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. ஊர்வலத்துக்கு அழகு சேர்க்கும் சுழற்றல் ஒரு கலை. சண்டைக்குப் பயில்வது அதிலிருந்து வேறானது. பல வகுப்புகள் சுழற்றலோடு நின்றுவிடுகின்றன. அதைவிடவும் எனக்கு வருத்தம் தருவது, ஆணிப் பலகைமேலும் பானைமேலும் பிள்ளைகளை நிறுத்தி மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து, சாதனைச் சான்றிதழ் வாங்கித்தரும் பழக்கம். அந்தப் பிள்ளைக்குத் தோள்வலி மிஞ்சும். எதிரில் ஒருவர் கம்போடு வந்து நின்றால் என்ன செய்வது என்று தெரியாது. இருவர் எதிரெதிரே நின்று, கம்பை எதிராளியின் உடலில் தொடவைத்துப் புள்ளி பெறும் பயிற்சியும் போட்டியும் இருக்கும் வகுப்பையே தேடுங்கள். தலைக்கவசமும் மார்புக் காப்பும் இல்லாமல் அந்தப் பயிற்சி நடக்கக் கூடாது.

பள்ளியில் கராத்தே சொல்லித்தருகிறார்கள், அதையே தொடரலாமா?

தொடரலாம், ஆனால் அது எந்தக் கராத்தே என்று தெரிந்துகொண்டு தொடருங்கள். கராத்தே ஒகினாவா தீவில் வளர்ந்து, கிச்சின் ஃபுனகோஷி 1922-இல் தோக்கியோவில் செய்துகாட்டியபின் ஜப்பான் முழுவதும் பரவியது. ஷோட்டோகான், கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு, வாடோ-ரியு என்பவை பெரும் பாணிகள். பன்னாட்டுப் போட்டிகளில் காட்டா என்னும் வகுத்த அசைவுத் தொடரும், குமிதே என்னும் இருவர் மோதலும் உள்ளன. அந்தக் குமிதேயில் கட்டுப்படுத்திய அடி பட்டதும் நடுவர் நிறுத்திப் புள்ளி தருகிறார். ஆகவே வேகமும் தூரக் கணிப்பும் கூர்மையாக வளரும், அடி வாங்கிக்கொண்டு தொடரும் பழக்கம் குறைவாக இருக்கும். மசுதட்சு ஓயாமா நிறுவிய கியோகுஷின் இதற்கு நேர்மாறானது: வெறும் முட்டியால் உடம்பில் முழு விசையோடு அடிக்கிறார்கள், தலைக்கு உதை உண்டு, முகத்தில் கையால் குத்துவது மட்டும் இல்லை. ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

ஒலிம்பிக் கனவு காண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கராத்தே 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டுமே இடம்பெற்றது. 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் இல்லை. ஜூடோ 1964-லும் டேக்வாண்டோ 2000-லும் பதக்க விளையாட்டுகளாக ஒலிம்பிக்கில் நுழைந்தன. மல்யுத்தமும் குத்துச்சண்டையும் அவற்றுக்கு முன்பே இருந்துவருகின்றன.

வாரத்தில் ஒரு மணி நேரம், எழுபது பிள்ளைகளுக்கு ஒரு மாஸ்டர் என்று நடக்கும் பள்ளி வகுப்பு உடற்பயிற்சி மட்டுமே. பிள்ளைக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று தெரிந்தால் அதே மாஸ்டரிடமாவது மாலை வகுப்பில் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ ஆகியவற்றைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

விரைவில் பயன் தரும் கலை எது என்று கேட்டால் இவை மூன்றையும் சொல்வேன். காரணம், இவற்றில் எதிர்க்கும் ஆளோடு பயிலும் நேரம் அதிகம். இடது நேர்க்குத்து, வலது நேர்க்குத்து, பக்கக் குத்து, மேல்நோக்கிய குத்து, விலகல், காலசைவு ஆகியவையே குத்துச்சண்டையின் பெரும்பகுதி. ஓராண்டு நேர்மையாகப் பயின்றவரின் முகத்தில் பழக்கமில்லாத ஒருவர் கை வைப்பது எளிதல்ல. விலை என்னவென்றால் தலைக்காயம். அடிபட்டு மயங்கி விழுவது மட்டும் காயமல்ல. பயிற்சியில் மீண்டும் மீண்டும் வாங்கும் சிறு அடிகளும் மூளையில் சேருகின்றன. ஆகவே வாரந்தோறும் முழு விசையோடு தலையில் அடித்துக்கொள்ளும் பயிற்சிக்கூடத்தை விட்டு விலகிவிடுங்கள். மென்மையாக மோதி நுட்பத்தை வளர்ப்பவரே நல்ல பயிற்சியாளர்.

மற்போர் நமக்குப் புதியதல்ல. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சங்கப் பாடல் போற்றுகிறது. விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைத் தந்ததும் மல்யுத்தம்தான்: 1952 ஹெல்சிங்கியில் காஷாபா ஜாதவ் வெண்கலம் வென்றார். ஆனால் மல்யுத்தத்துக்கும் ஜூடோவுக்கும் மேட் விரித்த கூடம் வேண்டும் என்பதால் சிறிய ஊர்களில் அவை கிடைப்பது கடினம். உங்கள் ஊரில் நல்ல ஜூடோ பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார் என்றால் அதைப் பெரும்பேறாகக் கருதிச் சேர்ந்துகொள்ளுங்கள்; வேறு எதைக் கற்காவிட்டாலும் அடிபடாமல் விழக் கற்பீர்கள், அது வாழ்நாள் முழுவதும் உதவும்.

வர்மக்கலை, களரிப்பயட்டு, குங்ஃபூ?

வர்மம் கன்னியாகுமரிப் பக்கத்துச் சண்டைக்கலையான அடிமுறையோடும் சித்த மருத்துவத்தோடும் பிணைந்த மரபு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்களை அது கணக்கிடுகிறது. ஆசானோடு நெடுங்காலம் இருந்து கற்க வேண்டிய இந்த அறிவை மூன்று நாள் முகாமில் விற்கிறவர்களிடமும், தொடாமலே ஆளை வீழ்த்திக் காட்டுகிறவர்களிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். களரி மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்று படிப்படியாகச் செல்வது. உடல் நெகிழ்வுக்கு அதற்கு ஈடு குறைவு, ஆனால் முறையான குருக்கள் கேரளத்தில்தான் மிகுதி. குங்ஃபூ என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் சான்டா என்னும் மோதல் பயிற்சி உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

பிள்ளையை எந்த வயதில் சேர்க்கலாம்?

ஆறு, ஏழு வயதில் சேர்க்கலாம். அந்த வயதில் கற்பது சண்டையல்ல. ஓடுவது, உருள்வது, விழுந்து எழுவது, சொன்னதைக் கேட்டுச் செய்வது. சிலம்பத்தின் காலடியும் ஜூடோவின் உருளலும் இதற்கு மிகப் பொருத்தமானவை. தலையில் அடிக்கும் போட்டிகளுக்குச் சிறு பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவர் கழகங்கள் 2011-இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் சிறுவர்கள் குத்துச்சண்டையில் ஈடுபடுவதை எதிர்க்கிறது. மூட்டை முறுக்கும் பிடிகளும் வளரும் எலும்புக்கு ஏற்றவையல்ல.

வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். உடலைத் தொட்டுத் திருத்த வேண்டிய கலை இது என்பதால், தொடுதல் எங்கே சரி, எங்கே தவறு என்று பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும். ஏதேனும் தவறாகப் பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பெண்கள் தற்காப்புக்காக எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பெண்கள் மீதான தாக்குதலில் கையைப் பிடிப்பது, கட்டிப் பிடிப்பது, சுவரோடு தள்ளுவது, கீழே தள்ளுவது என்று நெருக்கத்தில் நடப்பவை மிகுதி. ஆகவே பிடியிலிருந்து விடுபடவும், தரையிலிருந்து எழவும் கற்பிக்கும் ஜூடோ அல்லது ஜியு-ஜிட்சு ஒருபுறமும், தயங்காமல் அடிக்கக் கற்பிக்கும் குத்துச்சண்டை அல்லது முவே தாய் மறுபுறமும் இருப்பது நல்லது. இரண்டில் எது உங்கள் ஊரில் கிடைக்கிறதோ அதில் தொடங்குங்கள். தன்னைவிட எடை கூடிய ஆளோடும் பயில வாய்ப்புத் தரும் வகுப்பாக அது இருக்க வேண்டும். ஒத்த எடையுள்ள தோழியோடு மட்டும் பயின்றால் தன் வலிமையைப் பற்றித் தவறான கணக்கு மனத்தில் பதிந்துவிடும்.

கல்லூரிகளில் நடக்கும் ஒருநாள் தற்காப்பு முகாமால் விழிப்புணர்வு வரலாம், திறன் வராது. சத்தமிடுவதும் தப்பி ஓடுவதும் தோல்வியல்ல, அவையே முதல் பாடம். 112 என்ற அவசர உதவி எண்ணும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும் கைப்பேசியில் இருக்கட்டும்.

காவல்துறை, ராணுவ வேலைக்கு இது உதவுமா?

கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர்கள் இருக்கும் ஊர்களைக் கொண்ட மாவட்டத்தில் இந்தக் கேள்வி இயல்பானது. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அந்தப் பட்டியலில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

ஆனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. ‘தேசிய அளவு’, ‘பன்னாட்டு அளவு’ என்று தலைப்பில் அச்சிட்ட போட்டிகள் ஏராளம் நடக்கின்றன. அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு நடத்திய போட்டியில் பெற்ற இடமே கணக்கில் வரும். நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மாவட்ட விளையாட்டு அலுவலரின் அலுவலகத்துக்குச் சென்று, அந்த அமைப்புக்கு ஏற்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் பெயரில் பத்துப் பதக்கங்கள் சுவரில் தொங்கியபின், வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவற்றில் ஒன்றுகூடச் செல்லாது என்று தெரியவரும் குடும்பத்தின் துயரம் பெரிது.

உடல்திறன் தேர்வைப் பொறுத்தவரை ஓட்டமும் எடைப்பயிற்சியும் தனியே வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து சென்று 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. பளு தூக்கும் பயிற்சிக்கு வழிகாட்ட ஆள் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

நாற்பது வயதுக்குமேல் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் தேய்மானம் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிலம்பத்தின் காலடியும் தனிக்கம்பும் இந்த வயதுக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன. அறுபதைக் கடந்தவர்களுக்கு மெதுவான அசைவுகளைக் கொண்ட தாய் சி சமநிலையை வளர்த்துக் கீழே விழும் ஆபத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருபது வயதுக்காரரோடு போட்டி போடும் எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

நல்ல வாத்தியாரை எப்படி அடையாளம் காண்பது?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கான விடையைத்தான். இரண்டு மூன்று கலைகளுக்கு இடையில் தடுமாறும்போது, வாத்தியாரைப் பார்த்து முடிவெடுங்கள்.

சேர்வதற்கு முன்பு ஒரு வகுப்பை முழுமையாகப் பாருங்கள். வாத்தியாரின் திறமையைக் காட்டிலும் அவருடைய பழைய மாணவர்களைக் கவனியுங்கள். மூன்று ஆண்டு பயின்றவர்களின் காலடி உறுதியாக இருக்கிறதா, மோதும்போது மூச்சைக் கட்டுப்படுத்துகிறார்களா, புதிதாக வந்தவரை அடிக்காமல் விட்டுக்கொடுத்துப் பழக்குகிறார்களா என்று பாருங்கள். மூத்த மாணவர்களே இல்லாத வகுப்பாக இருந்தால், அவர்கள் ஏன் தங்கவில்லை என்று கேட்க வேண்டும். வாத்தியார் தோற்ற கதையையும் சொல்கிறாரா, மற்றக் கலைகளை இழித்துப் பேசுகிறாரா, மாணவர் வேறு கூடத்துக்குப் போய் மோதிப் பார்த்துவர அனுமதிக்கிறாரா என்பவையும் அவருடைய தன்னம்பிக்கையைக் காட்டிவிடும். தன் மாணவரைப் பிறரோடு மோதவிட அஞ்சுகிறவர் தன் பாடத்தின்மேல் தானே ஐயம் கொண்டிருக்கிறார்.

யாரிடம் கற்றார் என்ற கேள்விக்கு அவர் தெளிவாக விடை சொல்ல வேண்டும். பிரம்பால் அடித்துக் கற்பிக்கும் பழைய வழக்கத்தைக் கண்டிப்பு என்று சொல்லி நியாயப்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது கண்டிப்பல்ல. மாதக் கட்டணத்தோடு சீருடை, பட்டைத் தேர்வு, போட்டிப் பயணம் ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் எவ்வளவு ஆகும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் தேர்வு நடந்து, கட்டணம் கட்டிய எல்லோரும் தவறாமல் தேறுகிற கூடத்தில் பட்டை விற்கப்படுகிறது.

கடைசியாகத் தொலைவு. காட்பாடியில் இருப்பவர் ஆற்காட்டில் இருக்கும் சிறந்த வாத்தியாரைத் தேடிப்போவதாகச் சொல்வார். மூன்றாம் மாதம் நின்றுவிடுவார். வேலை நாள் மாலையில் களைத்துப்போன உடம்போடும் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கும் நேர்மையான வகுப்பையே நான் பரிந்துரைக்கிறேன்.

கறுப்புப் பட்டை வாங்க எத்தனை ஆண்டுகள் ஆகும்?

கராத்தேயிலும் ஜூடோவிலும் வாரம் மூன்று நாளாவது பயில்பவருக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம். பிரேசில் ஜியு-ஜிட்சுவில் பத்து ஆண்டுகள் ஆவது வழக்கம். குத்துச்சண்டையில் பட்டை கிடையாது. சிலம்ப மரபிலும் பட்டை இருந்ததில்லை. இப்போது சில அமைப்புகள் புகுத்தியிருக்கின்றன. பட்டையும் படிநிலையும் கானோவின் ஜூடோவில் உருவாகி, மற்றக் கலைகளுக்குப் பரவியவை. கறுப்புப் பட்டை பெற்றவர் அடிப்படையைக் கற்று முடித்தவர் என்றுதான் பொருள். தேர்ச்சி அதன்பின் தொடங்குகிறது.

ஒரே நேரத்தில் இரண்டு கலைகளைப் பயிலலாமா?

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டாம். கால் வைக்கும் முறையே ஒவ்வொரு கலையிலும் மாறுபடுவதால், உடம்பு இரண்டையும் குழப்பிக்கொள்ளும். ஒன்றில் காலூன்றியபின், அந்தக் கலை தொடாத தூரத்தைக் கற்பிக்கும் மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சிலம்பத்தோடு ஜூடோ, குத்துச்சண்டையோடு மல்யுத்தம் என்பவை நல்ல இணைகள்.

காணொளி பார்த்துக் கற்க முடியுமா?

கற்றதை நினைவுபடுத்திக்கொள்ள உதவும். எதிர்க்கும் ஆளைத் திரை தராது.

கற்றதைத் தெருவில் பயன்படுத்தினால் சட்டம் என்ன சொல்லும்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கூறுகின்றன. உங்கள் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்குமேல் தீங்கு செய்யும் உரிமை இல்லை. தாக்கியவர் விழுந்துவிட்டபின்போ ஓடத் தொடங்கியபின்போ நீங்கள் அடிக்கும் அடி தற்காப்பு ஆகாது. சுருள்வாள் போன்றவற்றைக் கூடத்துக்கு வெளியே கையில் ஏந்தித் திரிவது சிக்கலில் கொண்டுபோய் விடும். வாத்தியாரின் பொறுப்பிலேயே அவை இருக்கட்டும்.

வேலூர் வெயிலில் பயில்வது எப்படி? காயம் பட்டால் என்ன செய்ய வேண்டும்?

அக்னி நட்சத்திர நாள்களில் இங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்த நாள்களில் பயிற்சியை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதைப் பலவீனம் என்று தடுக்கும் வாத்தியாரின் சொல்லைக் கேட்காதீர்கள். வியர்வை நின்றுபோவதும் தலைசுற்றலும் குழப்பமும் வெப்பத்தாக்கின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் குளிர்வித்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தலையில் அடிபட்டபின் வாந்தி, தலைவலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று மீண்டும் களத்தில் இறங்கக் கூடாது. மருத்துவர் சரி என்று சொன்னபின் படிப்படியாகத் திரும்ப வேண்டும். எலும்பு, மூட்டுக் காயம் என்றதும் நாட்டு வைத்திய முறையான புத்தூர் கட்டுக்கு வண்டி ஏறுவது நம் பக்கத்து வழக்கம். முதலில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு எங்கே இருக்கிறது, நரம்பும் இரத்தக் குழாயும் நலமாக இருக்கின்றனவா என்று எலும்பு மருத்துவர் பார்த்த பின்னரே மற்றதைப் பற்றி யோசியுங்கள். விலகிய தோளைக் கூடத்திலேயே இழுத்துச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள்.

பிடிக் கலைகளில் படர்தாமரை எளிதில் பரவும். பயிற்சி முடிந்ததும் குளிப்பதும், சீருடையை ஒவ்வொரு முறையும் துவைப்பதும், மேட்டை நாள்தோறும் கிருமிநாசினி கொண்டு துடைப்பதும் கட்டாயம். தோலில் வட்டமான தடிப்பு வந்தவர் அது ஆறும்வரை மேட்டில் இறங்காமல் ஒதுங்கியிருக்க வேண்டும்.

முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

தளர்வான உடை, தண்ணீர், துண்டு போதும். நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள். மோதிரம், காப்பு, வளையல், சங்கிலி ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பழைய காயமோ ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் பயிற்சி தொடங்குவதற்கு முன்பு வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். சீருடையும் கையுறையும் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் அந்த வகுப்பில் தொடர்வதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.